இருவரும் கேட்ட நாற்காலி

நீதிபதி ஸ்ட்ராண்ட் தன் வேலையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு இடத்தைக் காலி செய்யப் போகிறார் என்ற செய்தி, மார்ச் மாதம் ஒரு நாள் காலையில் ஏரிக்கரையிலுள்ள எங்கள் டுலூத் நகரத்தில் பரவியது. வக்கீல் வேய்ன் ஹக்காலா அன்று முழுவதும் உட்காரவே இல்லை. ஜன்னலுக்குப் போவான், ஏரியைப் பார்ப்பான், திரும்பி வருவான், எதற்கு எழுந்தோம் என்பதை மறந்து மறுபடியும் போவான். சட்டக் கல்லூரி முடித்த கையோடு அதே ஸ்ட்ராண்டிடம் இரண்டு வருடம் உதவியாளனாக இருந்தவன் அவன். தீர்ப்புகளுக்கு வரைவு எழுதிக் கொடுத்த அந்த வயதிலேயே, என்றைக்காவது அந்த நாற்காலியில் தான் உட்கார வேண்டும் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டான். இப்போது வயது ஐம்பத்தேழு. டுலூத்தில் இருப்பது மத்திய அரசின் ஒரே ஒரு ஃபெடரல் விசாரணை நீதிபதி. பதவி ஆயுளுக்கும். புதிதாக வருகிறவர் இருபது வருடம் உட்காருவார். இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் லொரெய்ன் பெட்ரிச்சின் அறை. பதினெட்டு வருடமாக அவனுடைய தொழில் கூட்டாளி. ஹிப்பிங் இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டியவரின் மகள். பகலில் வேலை பார்த்து, மாலை வகுப்பில் சட்டம் படித்து, மாவட்ட அரசு வழக்கறிஞராக எட்டு வருடம் திருடர்களோடும் குடிகாரர்களோடும் மல்லுக்கட்டிவிட்டு வேய்னோடு வந்து சேர்ந்தவள். அவன் எழுதுவான், அவள் பேசுவாள். அலுவலகம் அப்படித்தான் ஓடியது. அன்று அவளும் உட்காரவில்லை என்பது வேய்னுக்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவான உதவியாளர் ட்ரூடிக்கு மட்டும் தெரியும். இரண்டு அறைகளிலும் பலகைத் தரை முனகிக்கொண்டே இருந்தது.

பெயரைச் சிபாரிசு செய்ய வேண்டிய செனட்டர்கள் விண்ணப்பங்களைப் பார்க்க ஒரு குழு அமைத்தார்கள். வேய்ன் வார இறுதிகளில் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தை எழுதினான். மனைவி மார்னியைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. லொரெய்னிடமாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லிவிட்டு, கிடைக்காமல் போனால் தினமும் அவள் முகத்தில் அந்தப் பரிதாபத்தைப் பார்க்க வேண்டுமே என்று தள்ளிக்கொண்டே போனான்.

நேர்காணல் மினியாபொலிஸில் நடந்தது. பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக ட்ரூடியிடம் சொல்லிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சூட்டைப் போட்டுக்கொண்டு காலையிலேயே கிளம்பினான். பாதி வழியில் ஒரு பேக்கரியில் எல்லோரும் நிறுத்துவார்கள். அவனும் நிறுத்தினான். வரிசையில் அவனுக்கு முன்னால், ஜூரிக்கு முன்னால் நிற்கும் நாட்களில் மட்டும் போடும் நீல உடுப்பில் லொரெய்ன் நின்றிருந்தாள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவன் கழுத்துப்பட்டையை, அப்புறம் ஷூவை.

"உன் பல் டாக்டர் ரொம்ப தூரத்துல இருக்காரே" என்றாள்.

"உன் அத்தைக்கு உடம்பு சரியில்லைன்னு ட்ரூடி சொன்னா. அத்தை செயின்ட் கிளவுட்லதானே இருக்காங்க? அது வேற ரோடாச்சே."

கடைக்காரப் பெண் என்ன வேண்டும் என்று கேட்டாள். லொரெய்ன் விரலால் இரண்டு காபி என்று காட்டினாள்.

"உனக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் லொரெய்ன்.

"பதினொண்ணு."

"எனக்குப் பன்னெண்டு. எனக்கு முன்னாடி போய் நாற்காலியைச் சூடு பண்ணி வை."

காபி வாங்கிக்கொண்டு வெளியே வந்து இரண்டு கார்களுக்கும் நடுவில் நின்றார்கள். காற்று வெட்டியது. ஒரே காரில் போகலாமா என்று கேட்க வாயெடுத்தான். அவளும் அதையே யோசித்திருக்க வேண்டும். சாவியை எடுத்தவள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அப்புறம் இருவரும் அவரவர் காரில் ஏறினார்கள். மினியாபொலிஸ் வரை அவளுடைய பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினான். முந்தவும் மனமில்லை, பின்தங்கவும் மனமில்லை.

குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சங்கடம் இருந்தது. வாழ்க்கையில் நடத்திய முக்கியமான பத்து வழக்குகளை எழுதச் சொல்லியிருந்தார்கள். இருவரும் கொடுத்த பத்தில் ஆறு ஒன்றே. இரண்டு பேரும் முதலில் எழுதியிருந்தது எரிவாயுக் குழாய் வெடித்த வழக்கை. ஒரு தெருவில் நான்கு வீடுகள் எரிந்துபோனவர்களுக்காக இருவரும் சேர்ந்து நடத்திய வழக்கு அது. குழுவில் இருந்த ஒரு பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கம்பெனியின் பொறியாளரைக் குறுக்கு விசாரணை செய்தது நீங்களா, அவரா என்று கேட்டார்.

"அவங்கதான்" என்றான் வேய்ன்.

"வழக்கு ஜெயிச்சது எதனாலன்னு நினைக்கிறீங்க?"

"அந்தக் குறுக்கு விசாரணையாலதான்."

திரும்பி வரும் வழி முழுவதும் அந்தக் கேள்விக்கு வேறு வேறு பதில்களைக் காரின் முன்கண்ணாடியிடம் சொல்லிப் பார்த்தான். எல்லாமே கேட்க நன்றாக இருந்தன. ஒன்றும் உண்மை இல்லை.

ஏப்ரல் கடைசியில் லொரெய்ன் அவன் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"வெள்ளை மாளிகையில இருந்து கூப்பிட்டாங்க" என்றாள். "வெளியே சொல்லக் கூடாதாம். உனக்குச் சொல்லாம இருக்க முடியல."

வேய்ன் எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டான். மனதார வாழ்த்தினான். அன்று மாலை வீட்டுக் கொல்லையிலுள்ள சவுனா என்ற நீராவிக் குளியல் அறையில் சூட்டில் உட்கார்ந்தபோது ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வெளியே வந்து பனியில் நின்றான், மறுபடி உள்ளே போனான், மறுபடி வெளியே வந்தான். கதவை ஒன்று மூடு, இல்லை திறந்தே வை, விறகு வீணாகிறது என்று மார்னி சமையலறையிலிருந்து சத்தம் போட்டாள்.

ஜூன் மாதம் எஃப்.பி.ஐ. அதிகாரி வந்தார். ப்ரூயிட் என்று பெயர். நீதிபதியாகப் போகிறவரைத் தெரிந்த எல்லோரையும் பார்ப்பது அவருடைய வேலை. பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய எதிர்த்தரப்பு வக்கீல்கள், லொரெய்னின் முன்னாள் கணவர் எல்லோரையும் பார்த்து முடித்துவிட்டு வேய்னின் அறைக்கு வந்து உட்கார்ந்தார். லொரெய்ன் அன்று நீதிமன்றத்தில் இருந்தாள். கடன், குடி, கோபம் என்று வழக்கமான கேள்விகள். வேய்ன் எல்லாவற்றுக்கும் சுலபமாகப் பதில் சொன்னான். அப்புறம் அவர் கேட்டார்:

"நெருக்கடி வந்தப்போ அவங்க பொறுப்பை விட்டுட்டுப் போனது ஏதாவது உங்களுக்குத் தெரியுமா சார்?"

வேய்னுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

அதே குழாய் வழக்குதான். ஸ்ட்ராண்டின் நீதிமன்றத்தில் விசாரணை இரண்டாவது வாரமாக நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டு இடைவேளைக்குப் போன லொரெய்ன் திரும்பி வரவில்லை. பெட்ரிச்சுக்கு உடம்பு சரியில்லை என்று நீதிபதியிடம் சொல்லிவிட்டு வேய்ன் தனியாகச் சமாளித்தான். மாலையில் தேடிக் கிளம்பி, ஏரிக்கரையோரமாக வடக்கே இரண்டு மணி நேரம் ஓட்டி, கிராண்ட் மாரேயில் ஒரு மோட்டலில் அவளைக் கண்டுபிடித்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். எழுந்தேன், காரில் உட்கார்ந்தேன், கார் இந்தப் பக்கம் வந்துவிட்டது என்றாள். வேறு காரணம் அவளுக்கே தெரியவில்லை. மறுநாளும் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த நாள் காலை வந்தாள். வந்தவள்தான் அந்தப் பொறியாளரை மூன்று மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டாள். அப்புறம் ஒரு வருடம் ஒரு மனநல மருத்துவரிடம் போய்வந்தாள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசியதே இல்லை.

ப்ரூயிட் பேனாவோடு காத்திருந்தார். வேய்ன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். துறைமுகத்துக்குள் தாதுக் கப்பல் ஒன்று நுழைந்துகொண்டிருந்தது. சொன்னால் பொறாமை என்பார்கள். சொல்லாமல் விட்டால் ஃபெடரல் அதிகாரியிடம் பொய் சொன்னதாகும். அதைவிட இன்னொன்று அவனை அரித்தது. விசாரணை நடுவில் எழுந்துபோன ஒருவர் விசாரணை நீதிபதி ஆகலாமா என்பது நியாயமான கேள்விதான். இந்த நாற்காலியைத் தானும் கேட்டிராவிட்டால் அந்தக் கேள்வி தனக்குத் தோன்றியிருக்குமா என்பதும் நியாயமான கேள்விதான்.

திரும்பி வந்து உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். மோட்டலைச் சொன்னான், மருத்துவரைச் சொன்னான், மூன்றாம் நாள் அவள் வந்து நின்ற விதத்தையும் சொன்னான். தானும் விண்ணப்பம் போட்டுத் தோற்றவன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்றான். ப்ரூயிட் அதையும் எழுதிக்கொண்டார்.

லொரெய்ன் நீதிமன்றத்திலிருந்து வந்து கோட்டைக் கழற்றுவதற்குள் அவள் அறைக்குப் போய்விட்டான்.

"அந்த அதிகாரி வந்திருந்தார். கிராண்ட் மாரே விஷயத்தைச் சொல்லிட்டேன்."

அவள் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றாள்.

"என்கிட்ட வாஷிங்டன்காரங்க கேட்டாங்க" என்றாள் மெதுவாக. "பின்னாடி சங்கடமாகிற மாதிரி ஏதாவது இருக்கான்னு. இல்லைன்னு சொல்லியிருக்கேன்."

"அது எனக்குத் தெரியாது."

"நீ தோத்தவன், வேய்ன். தோத்தவன் போய் இதைச் சொன்னா அதுக்கு ஊர்ல என்ன பேர்?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லியிருக்கே."

"அவர் கேட்டார், லொரெய்ன்."

வெளியே ட்ரூடியின் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டிருந்தது. லொரெய்ன் போனை எடுத்தாள். வேய்னைப் போகச் சொல்லவில்லை. அவன் எதிரிலேயே, வெள்ளை மாளிகைக்காக முன்பு தன்னை விசாரித்த வாஷிங்டன் வழக்கறிஞரைக் கூப்பிட்டு, போன தடவை நான் சொன்ன ஒரு பதில் தவறு, திருத்த வேண்டும் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். போனை வைத்த பிறகுதான், இப்போது வெளியே போ என்றாள்.

மார்னியிடம் சொன்னபோது அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சொல்றப்போ உனக்குச் சந்தோஷமா இருந்துச்சா?"

வேய்ன் ஒரு கிழங்கை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தான். "கொஞ்சம்" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்தாள். அவன் அன்று புல்வெளியை இரண்டு தடவை வெட்டினான்.

அதற்கப்புறம் வாஷிங்டனிலிருந்து பேச்சே இல்லை. கோடை போனது. லொரெய்னால் புதிய வழக்குகளை எடுக்க முடியாது. எடுத்துவிட்டு நடுவில் விட வேண்டிவரும். பழைய வழக்குகளும் ஒவ்வொன்றாக முடிந்தன. அவளுக்குச் செய்ய எதுவும் இல்லை. புத்தகங்களை இறக்கித் தூசி தட்டுவாள், வேறு வரிசையில் அடுக்குவாள். மாடிப்படியில் ஏறி இறங்குவாள். வரும் வேலையெல்லாம் வேய்னின் தலையில் விழுந்தது. அவளிடம் யோசனை கேட்க வேண்டிய இடம் வரும்போதெல்லாம் பாதி தூரம் நடந்து திரும்பிவிடுவான். காபிப் பாத்திரத்தருகே சந்தித்தால் வானிலை பற்றிப் பேசிக்கொள்வார்கள். நீங்க ரெண்டு பேரும் விவாகரத்து வாங்கறதா இருந்தா காபி மெஷின் என்கிட்ட இருக்கட்டும் என்றாள் ட்ரூடி. யாரும் சிரிக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு செனட்டரின் அலுவலகத்திலிருந்து வேய்னுக்கு போன் வந்தது. பேசியவர் சுற்றி வளைத்துப் பேசினார். பெட்ரிச்சின் பெயர் நின்றுபோனால் இன்னொரு பெயர் வேண்டியிருக்கும், உங்களுக்கு இன்னும் விருப்பம் உண்டா என்பதுதான் விஷயம்.

இல்லை என்று சொல்வதுதான் கௌரவம். வேய்ன் போனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்தான். அந்தப் பக்கம் அவள் நடக்கும் சத்தம் கேட்டது.

"விருப்பம் இருக்கு" என்றான். "ஆனா அவங்க பேர் இருக்கிற வரைக்கும் என் பேரை எடுக்காதீங்க. இன்னொண்ணு. என்னைக் கேட்டா, அவங்களை விட நல்ல ஆள் உங்களுக்குக் கிடைக்க மாட்டாங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்."

இரண்டுமே உண்மை. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தது அவனுக்கே வியப்பாக இருந்தது. அந்த மாதம் அவனுக்குத் தூக்கமும் சரியில்லை, சாப்பாடும் சரியில்லை. போன் மணி அடித்தால் எழுந்துவிடுவான். அடிக்காவிட்டால் அடிக்கிறதா என்று எடுத்துப் பார்ப்பான்.

அக்டோபர் மத்தியில் வெள்ளை மாளிகை லொரெய்ன் பெட்ரிச்சின் பெயரை அறிவித்தது. ட்ரூடி அழுதாள். வேய்ன் கீழே போய்ப் பூக்கடையில் இருந்ததிலேயே பெரிய கொத்தை வாங்கி வந்தான். கொடுக்கும்போது லொரெய்ன் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"அந்த வாஷிங்டன் வக்கீல் இன்னிக்குக் காலையில ஒண்ணு சொன்னார்" என்றாள். "எழுந்து போனதைப் பத்தி அவங்க கவலைப்படலையாம். நான் இல்லைன்னு சொன்னதுதான் அவங்களைத் தூங்க விடலையாம். நானே கூப்பிட்டுத் திருத்தினேன் இல்ல, அதை வச்சுத்தான் முடிவு பண்ணாங்களாம்."

"நான் சொல்லலைன்னா நீ திருத்தியிருப்பியா?"

"மாட்டேன்" என்றாள். பூக்களை வாங்கிக்கொண்டாள். "அதுக்காக உன்னை மன்னிச்சிட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னும் கொஞ்ச நாள் ஆகும்."

செனட் விசாரணை ஒரு புதன்கிழமை நடந்தது. ஒரே மேசையில் நீதிபதி பதவிக்குப் பெயர் அறிவிக்கப்பட்ட ஐந்து பேர். வேய்னும் ட்ரூடியும் கணினியில் பார்த்தார்கள். லொரெய்னிடம் இரண்டு செனட்டர்கள் மட்டும் கேள்வி கேட்டார்கள்; ஒருவர் அவளுடைய பெயரைத் தவறாக உச்சரித்தார். வருடம் முடிந்து சபை கலைந்ததும் வாக்கெடுப்புக்கு வராத எல்லாப் பெயர்களும் திருப்பி அனுப்பப்பட்டன. ஜனவரியில் மறுபடியும் அவள் பெயரை அனுப்பினார்கள். மறுபடியும் முதலிலிருந்து வரிசை. ஏரி உறைந்தது, உருகியது, முதல் கப்பல் வந்தது. மே மாதத்தில் ஒரு மதியம், இரண்டு வாக்கு வித்தியாசத்தில் அவள் ஜெயித்தாள்.

அன்று மாலையே அவள் வேய்னின் அறைக்குள் வந்து எதிரில் உட்கார்ந்தாள். வெகு நாளைக்கப்புறம்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

"தெரியும். உன் கோர்ட்ல நான் நிக்க முடியாது."

"நாம கூட்டாளிங்களா இருந்தவங்க. நீ வர்ற எந்த வழக்கையும் நான் எடுக்கக் கூடாது. மினியாபொலிஸ், செயின்ட் பால் நீதிபதிங்களுக்குப் போயிடும்."

"எத்தனை வருஷம்?"

"ஆறு, ஏழு. அதுக்கப்புறமும் யோசிச்சுத்தான்."

வேய்ன் விண்ணப்பம் எழுதிய நாளிலேயே இதை யோசித்திருந்தான். ஆனால் அப்போது அது அவளுக்கு வரும் கஷ்டமாக இருந்தது. ஜன்னலில் இருந்து பார்த்தால் ஃபெடரல் கட்டடம் தெரியும். இருபத்தெட்டு வருடம் நடந்தே போன இடம். இனி ஒவ்வொரு வழக்குக்கும் நூற்றைம்பது மைல் போக வேண்டும். வக்கீலுக்குப் பக்கத்திலேயே நீதிமன்றம் இருக்க வேண்டும் என்று நினைக்கிற கட்சிக்காரர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள்.

"அப்ளை பண்றப்பவே இதைப் பத்தி யோசிச்சேன்" என்றாள் லொரெய்ன். "யோசிச்சும் போட்டேன். அதையும் உன்கிட்ட சொல்லிடணும்னு தோணுச்சு."

"நான் ஜெயிச்சிருந்தாலும் இதேதானே."

"ஆமா. ஆனா ஜெயிச்சது நான்தானே."

பதவியேற்பில் முன்வரிசையில் இடம் போட்டிருந்தாள். வேய்ன் போனான். அவள் கையை உயர்த்திச் சத்தியம் செய்தபோது அவன் கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. மார்னி முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். பிறகு கேக் வெட்டும் இடத்தில் கூட்டத்தோடு வரிசையில் போய்க் கைகொடுத்தான். "வாழ்த்துகள். நீங்க ரொம்ப நல்லாப் பேசினீங்க" என்றான். அந்த மரியாதை எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. கறுப்பு அங்கிக்குள் இருந்து லொரெய்ன் ஒரு கணம் அவனை வெறித்துப் பார்த்தாள். அதற்குள் அடுத்தவர் கை நீட்டிவிட்டார்.

இலையுதிர் காலத்தில், அதற்குப் பிறகான வேய்னின் முதல் ஃபெடரல் வழக்கு செயின்ட் பாலில் வந்தது. அங்கே நீதிபதிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. உங்கள் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். சொன்னான். எந்தக் கதவு எங்கே போகிறது, எந்த மேசை எதிர்த்தரப்புக்கு, தண்ணீர் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. வாதாட எழுந்தபோது, முப்பது வருடத்துக்கு முந்தைய புது வக்கீலைப் போலக் காகிதங்களை இரண்டு தடவை அடுக்கினான். உட்கார்ந்தபோது நன்றாகப் பேசினோமா இல்லையா என்று தெரியவில்லை. அப்படித் தெரியாமல் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தபோது மணி நாலரை. போன் அடித்தது. லொரெய்ன். பதவியேற்புக்குப் பிறகு அவள் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

"எங்கே இருக்கே?"

"செயின்ட் பால். இப்பத்தான் வெளிய வந்தேன்."

"எப்படிப் போச்சு? இல்ல, வேண்டாம், சொல்லாதே."

"சொல்லலை."

அவள் மூச்சு விடுவது கேட்டது. நடந்துகொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அந்தக் கட்டடத்தின் தரை கல் என்பதால் காலடி வேறு மாதிரி கேட்டது.

"நாளைக்குக் காலையில முதல் தண்டனை விதிக்கணும்" என்றாள். "அந்த ஆளுக்கு—"

"லொரெய்ன்."

"தெரியும். சொல்லக் கூடாது." காலடிச் சத்தம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. "இங்க எல்லாரும் நான் உள்ள நுழைஞ்சா எழுந்து நிக்கிறாங்க வேய்ன். யார்கிட்டயும் ஒண்ணும் கேட்க முடியல."

"கிராண்ட் மாரேக்குப் போகணும் போல இருக்கா?"

அதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று அவன் நினைப்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள். வெகு நேரம் சிரித்தாள்.

"கார் சாவியை என் கிளார்க்கிட்ட கொடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

அப்புறம் ட்ரூடியின் முட்டி வலியைப் பற்றிக் கேட்டாள். ஏரியில் அலை ஏறியிருக்கிறதா என்று இவன் கேட்டான். ஏறியிருக்கிறது, காலையில் கரையோர நடைபாதையெல்லாம் அலை வீசிய கல் என்றாள். பேச வேறு எதுவும் இல்லை. வைக்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்து இருக்கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். அவள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நகரத்து நெரிசலைத் தாண்டி வண்டி வடக்கே திரும்பியபோது அந்தச் சத்தம் நின்றது. நாற்காலியை இழுத்து உட்காரும் ஓசை கேட்டது. பிறகு தாள்களைப் புரட்டும் ஓசை.